உள்நோக்கிய விளக்கு

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, டில்லிக் குளிரைப் பற்றியோ விடுதிச் சாம்பாரைப் பற்றியோ நகைச்சுவையாக நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். அத்தகைய கட்டுரைகள் நம் மலரில் ஆண்டுதோறும் வருகின்றன, படிப்பவர்கள் சிரிக்கிறார்கள், எழுதியவனுக்கும் வம்பில்லை. ஆனால் பேனாவை எடுத்து உட்கார்ந்ததும், சில ஆண்டுகளாக நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கும் ஒரு செய்தி முன்னால் வந்து நின்றது. அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் என் வரையில் அது பொய்யாகவே இருக்கும் என்று தோன்றிற்று. ஆகவே நண்பர்களே, சிரிப்புக்கு இடமில்லாத இந்தக் கட்டுரையை இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் இங்கே முதுகலை முதலாண்டு மாணவன். குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை ஒட்டி, முந்திய டிசம்பர் முதலே தலைநகரம் கொதித்துக்கொண்டிருந்தது. ஊர்வலமும் மறியலும் எதிர் ஊர்வலமும் நடக்காத நாளில்லை. விடுதி உணவுக்கூடத்தில் அதுவரை கலந்து உட்கார்ந்தவர்கள் கட்சிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். பிப்ரவரியின் கடைசி வாரத்தில் வடகிழக்கு டில்லியில் கலவரம் மூண்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் விடுதி அவ்விடத்திலிருந்து தொலைவில் இருந்தது. ஆனால் அச்சத்துக்குத் தொலைவு ஏது? இரவில் நாய் குரைத்தாலும் ஜன்னலருகே ஓடி நின்றோம்.

மார்ச் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை இருட்டிய பிறகு, நகரின் வேறு பகுதிகளிலும் கலவரம் தொடங்கிவிட்டது என்று ஒரு வதந்தி காட்டுத் தீயாய்ப் பரவியது. கடைகள் மூடப்பட்டன, மக்கள் தெருவில் ஓடினார்கள், சில மெட்ரோ நிலையங்களின் வாயில்களைச் சிறிது நேரம் அடைத்தார்கள். எங்கும் ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் வதந்தி என்று காவல் துறை அன்றிரவே அறிவித்துவிட்டது. பத்திரிகை படித்தவர்களுக்கு இவ்வளவும் தெரியும். அந்த வதந்தியின் வண்டியைத் தள்ளிவிட்ட ஆயிரமாயிரம் கைகளில் என் கையும் ஒன்று என்பது பத்திரிகையில் வராத செய்தி.

இரவு ஏழரை மணி இருக்கும். யாரோ ஒருவர் இந்தியில் பதற்றத்தோடு பேசிய ஒலிச் செய்தி ஒன்று என் கைப்பேசிக்கு வந்தது. எங்கள் விடுதிக்குப் பின்னால் உள்ள சந்து ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கிருந்து ஒரு கும்பல் ஆயுதங்களோடு புறப்பட்டுவிட்டது, அந்தச் சந்துக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்றது அந்தக் குரல். பேசியவர் யார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அனுப்பியவருக்கும் தெரியாது. எழுந்து போய் மாடியிலிருந்து பார்த்திருந்தால் அந்தச் சந்தின் முனை எனக்கே தெரிந்திருக்கும். நான் எழவில்லை. விடுதி நண்பர்கள், சங்க உறுப்பினர்கள், ஊரிலுள்ள பழைய தோழர்கள் ஆகிய மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அதை அனுப்பினேன். அனுப்பியதோடு நின்றேனா? 'உறுதியான தகவல்' என்று இரண்டு சொற்களை என் சொந்தக் கைச்சரக்காகச் சேர்த்தேன். செய்தி பிறர் தந்தது. அந்த இரண்டு சொற்கள் என்னுடையவை.

ஒரு மணி நேரத்துக்குள் திருநெல்வேலியிலிருந்து அம்மா அழைத்தாள். நான் ஊர்த் தோழர்களுக்கு அனுப்பியது தெருவெல்லாம் சுற்றி அவள் காதுக்குப் போயிருந்தது. அவள் குரல் நடுங்கியது. நான் பத்திரமாக இருக்கிறேன் என்று நாலு முறை சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாள். பிறகு, "ஐயா, எல்லாத்தையும் சாமி பாத்துக்கிடும். நீ உன் வாயைப் பாத்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள். வெளியூரில் இருக்கும் பிள்ளை வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற தாயின் கவலை அது என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

வதந்தி என்று அறிவிப்பு வந்ததும் விடுதியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே தூங்கப் போனார்கள். நானும் போனேன். நான் அனுப்பியது பொய் என்று அந்த மூன்று குழுக்களுக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம். பொய்யை அனுப்ப ஒரு கட்டை விரல் போதுமாயிருந்தது. அது பொய் என்று சொல்ல மட்டும் கை எழவில்லை.

எங்கள் விடுதி வாயிலில், வேப்பமரத்தடியில், துணிகளுக்கு இஸ்திரி போடுகிறவர் ஒருவர் இருந்தார். கரி போட்டு அனல் மூட்டும் கனமான பழைய பெட்டி. நாங்கள் 'சாச்சா' என்று அழைப்போம். அவர் வீடு அந்தச் சந்தில்தான் இருந்தது. மறுநாள் அவரிடம் யாரும் துணி போடவில்லை. போட்டிருந்தவர்கள் இஸ்திரி ஆகாமலே வாங்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள், நிலைமை சரியாகும் வரை வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாயிற் காவலர் சொன்னாராம். ஒரு தள்ளுவண்டியில் மேசையையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அவர் போவதை மாடியிலிருந்து பார்த்தேன். ஞாயிறன்று ஏறாத மாடியில் அன்று நின்றிருந்தேன். அவர் மனைவி பின்னால் கரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கூட ஒரு சிறுமி.

அதே செவ்வாய்க்கிழமை மாலை இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குப் போனேன். டில்லித் தமிழருக்கு அந்தச் சுவாமிநாதன் சந்நிதி தாய்வீடு போன்றது. இக்கட்டான நாட்களில் என்னைக் காத்த முருகனுக்கு நன்றி சொன்னேன். பகைவரிடமிருந்து இனியும் காக்கும்படி உருகி வேண்டினேன். அந்த வாரத்தில் ஒரு குடும்பத்துக்குப் பகைவனாக இருந்தவன் நானே என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அதற்கு முன்பே விடுதி காலியாயிற்று. நோய், மரணம், வீட்டுக்குள் அடைபட்ட நாட்கள் என்று காலம் உருண்டது. ஆய்வு மாணவனாக நான் மீண்டும் டில்லிக்கு வந்தபோது வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் யாரும் இல்லை.

இனி, அந்த முள் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தி ஸ்மிருதிக்குச் சென்றோம். முன்பு பிர்லா மாளிகை என்று பெயர் பெற்றிருந்த அந்த வீடு, 1973 ஆகஸ்டு 15 முதல் பொதுமக்கள் காணத் திறந்திருக்கிறது. காந்தியடிகள் தம் கடைசி 144 நாட்களைக் கழித்தது அங்கேதான். அவர் அறையில் ஒரு விரிப்பு, ஒரு திண்டு, ஒரு ராட்டை, இன்னும் சில சிறு பொருள்கள், அவ்வளவே. அறையிலிருந்து தோட்டத்துப் பிரார்த்தனை மேடை வரை, அவருடைய கடைசி நடையைக் காட்டும் பாதச் சுவடுகளைச் சிமெண்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் படம் பிடித்தார்கள். நான் சுவரில் எழுதியிருந்த தேதிகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

1948 ஜனவரி 12, திங்கட்கிழமை. அவருக்கு மௌன நாள். மறுநாள் தொடங்கப் போகும் உண்ணாவிரதத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தார். மாலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அதை வாசித்தார்கள். பிரிவினையின் ரணம் ஆறாத டில்லி அது. மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த அகதிகள் ஒருபுறம்; வீட்டையும் மசூதியையும் இழந்து நடுங்கிக்கொண்டிருந்த டில்லி முஸ்லிம்கள் மறுபுறம். எழுபத்தெட்டு வயதுக் கிழவர் தம் உடலைப் பணயம் வைக்கிறார் என்றால் நண்பர்கள் ஓடிவருவார்கள் அல்லவா? ஓடிவர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். தாம் கடவுளின் கையில் இருப்பதாகவும், தம்மைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு ஒவ்வொருவரும் விளக்கைத் தம் உள்ளத்தின் பக்கம் திருப்ப வேண்டும் என்றும், இது எல்லோருக்கும் சோதனைக் காலம் என்றும் அந்தச் செய்தி சொல்லிற்று.

கடவுளின் கையில் இருக்கிறேன் என்பதும், உன் உள்ளத்தைப் பார் என்பதும் ஒரே மூச்சில் வந்த இரண்டு பேச்சு. அம்மா சொன்னதும் இதுதானே? சாமி பார்த்துக்கொள்ளும், நீ உன் வாயைப் பார்த்துக்கொள். அந்த இரண்டில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மலை மந்திர்ப் படியேறியவன் நான். அந்த அறையின் வாசலில் நின்றபோது முகம் சுட்டது.

அதன்பின் சில வாரங்கள் காந்தியடிகளின் கடைசி ஆண்டுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எழுத்தாளர் சாவி அக்காலத்தில் வங்காளத்துக்கே சென்று பார்த்து எழுதிய 'நவகாளி யாத்திரை'யும் அவற்றில் ஒன்று. 1946 நவம்பரில் நவகாளிக்குப் போன காந்தியடிகள், 1947 ஜனவரி முதல் வெறுங்காலோடு கிராமம் கிராமமாக நடந்தார். வழியில் முள்ளும் அசுத்தமும் போட்டு வைத்த நாட்களும் உண்டு. அந்த நடையில் அவர் ஊராரை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தம் அகிம்சை பலிக்கவில்லையென்றால் தம்மிடமே ஏதோ குறை இருக்க வேண்டும் என்று இரவும் பகலும் தம்மையே துருவிக்கொண்டிருந்தார். அது அவருக்குப் புதிதும் அன்று. மக்களைப் பக்குவப்படுத்தாமல் சட்ட மறுப்புக்கு அழைத்தது இமயமலை போன்ற தவறு என்று 1919-இலேயே ஊரறிய ஒப்புக்கொண்டவர்; 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவலர்கள் கொல்லப்பட்டபோது, நாடே பொங்கி எழுந்திருந்த இயக்கத்தை நிறுத்திவிட்டு ஐந்து நாள் பட்டினி கிடந்தவர்.

என்னை உலுக்கிய நிகழ்ச்சி கல்கத்தாவில் நடந்தது. சுதந்திரத்தையொட்டி அந்நகரம் அமைதியாக இருந்தது. காந்தியடிகள் சுஹ்ரவர்தியோடு பேலியாகட்டாவில் ஹைதரி மாளிகை என்ற பாழடைந்த வீட்டில் தங்கியிருந்தார். 1947 ஆகஸ்டு 31 இரவு ஒரு கும்பல் உடம்பெல்லாம் கட்டுப்போட்ட ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தது. முஸ்லிம்கள் கத்தியால் குத்திவிட்டார்கள் என்று கூச்சல், கல்லெறி, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. பிறகு அந்த மனிதனைப் பரிசோதித்தபோது கத்திக்குத்தின் அடையாளமே இல்லை! ஆனால் உண்மை வந்து சேரும் வரை பொய் காத்திருக்குமா? மறுநாள் நகரில் மறுபடியும் இரத்தம் சிந்தியது. செப்டம்பர் முதல் தேதி இரவு அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். எழுபத்து மூன்று மணி நேரம். நான்காம் தேதி இரவு, எல்லாச் சமூகத் தலைவர்களும் வந்து உறுதி அளித்த பிறகே பழரசம் அருந்தினார்.

கட்டுப்போட்ட அந்த மனிதனைத் தூக்கிவந்தவர்களில் எத்தனை பேர் அதை உண்மையென்றே நம்பியிருப்பார்கள்! நானும்கூட அன்று நம்பித்தான் அனுப்பினேன் என்று சில நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்தத் தேற்றலும் நிலைக்கவில்லை. உண்மையாகவே நம்பியிருந்தால் முதலில் கதவைத் தாழிட்டிருப்பேன். கீழே ஓடிப் போய்க் காவலரை எழுப்பியிருப்பேன். நான் செய்தது என்ன? கட்டிலில் சாய்ந்தபடி, யாருக்கும் முன்னால் செய்தி சொன்னவன் என்ற பெருமையை ருசித்துக்கொண்டிருந்தேன். 'நன்றி, நண்பா', 'நல்ல வேளை சொன்னாய்' என்று பதில்கள் வரவர ஒரு கிளுகிளுப்பு இருந்தது. இது முதல் அடுக்கு.

அதற்கும் கீழே ஓர் அடுக்கு இருந்தது. அங்கே விளக்கைக் காட்டவே கூசியது. அந்த ஒலிச் செய்தி வேறொரு சந்தைச் சொல்லியிருந்தால், என் போன்றவர்கள் வாழும் தெருவைச் சொல்லியிருந்தால், 'உறுதியான தகவல்' என்று எழுதியிருப்பேனா? யார் சொன்னது, சான்று என்ன என்று ஆராய்ச்சி மாணவனாக ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். அந்தச் சந்துக்காரர்கள் அப்படித்தான் என்ற எண்ணம், நான் விதைத்த நினைவே இல்லாமல், என் நெஞ்சில் முளைத்துக் கிடந்திருக்கிறது. பள்ளியில் 'புறங்கூறாமை' அதிகாரத்தின் பத்துக் குறளையும் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். வெறுப்பை எதிர்த்து வகுப்பில் நீளமாகப் பேசியவனும் நானே. எதிர்க் கட்சிக்காரனின் உள்ளத்தில் உள்ள அழுக்கெல்லாம் எனக்கு மனப்பாடம். என் உள்ளத்தில் மட்டும் ஒரு மூலையைக்கூடப் பெருக்கியதில்லை.

அரசியல் கொந்தளிக்கும் நாட்களில் நாம் எல்லோரும் விளக்கை வெளியே திருப்பிப் பிடித்துக்கொள்கிறோம். யார் குற்றவாளி, யார் துரோகி என்று அது தெருவெல்லாம் தேடுகிறது. அநீதியைக் கண்டு பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காந்தியடிகள் பேசாமலா இருந்தார்? முஸ்லிம்கள் அச்சமின்றி நகரில் நடமாட வேண்டும், பறித்த மசூதிகளைத் திருப்பித் தர வேண்டும் என்று திட்டவட்டமான நிபந்தனைகளை வைத்தல்லவா பட்டினி கிடந்தார்! ஆனால் பிறரிடம் கேட்பதற்கு முன் தம்மிடம் கேட்டார். அதனால்தான் அவர் கேட்டது பிறர் காதில் ஏறிற்று.

கடவுளை நம்புவது என்றால் என்ன என்பதும் அந்தப் படிப்பில் கொஞ்சம் விளங்கியது. மெஹ்ரோலியில் குவாஜா குத்புதீன் பக்தியார் காக்கியின் தர்காவில் ஆண்டு விழா வழக்கம்போல் நடக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனைகளில் ஒன்று. ஜனவரி 18-இல் உண்ணாவிரதம் முடிந்தது. இருபதாம் தேதி பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதை வைத்த இளைஞனை வெறுக்க வேண்டாம் என்றார். கூட்டத்துக்கு வருபவர்களைச் சோதனையிடவும் சம்மதிக்கவில்லை. இருபத்தேழாம் தேதி, பலவீனமான உடலோடு, தாமே மெஹ்ரோலி விழாவுக்குப் போனார். அங்கே சலவைக்கல் வேலைப்பாடுகள் சிதைக்கப்பட்டிருந்ததைக் கண்டு வருந்தினார். மூன்றாம் நாள் மாலை அவர் இல்லை.

இறைவனை நம்பியவருக்கு இறைவன் தந்த பாதுகாப்பு இதுதானா என்று எனக்குள்ளும் கேள்வி எழுந்தது. ஆனால் தம் உயிரைக் காக்கும்படி அவர் கேட்டதாகவே தெரியவில்லை. நான் சந்நிதியில் கேட்டது காவல். அவர் கேட்டது, எது நேர்ந்தாலும் வெறுக்காத நெஞ்சு. என் பிரார்த்தனை ஆண்டவனுக்கு நான் எழுதிக் கொடுத்த உத்தரவு. அவருடைய பிரார்த்தனை, முடிவை ஆண்டவனிடம் விட்டுவிட்டுத் தம் கடமைக்கு எழுந்து நடப்பது. நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் தன் குற்றத்தைப் பார்க்கத் துணிவு வரும் என்று இப்போது நினைக்கிறேன். மன்னிக்க ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால்தானே மறைக்காமல் கணக்கைத் திறந்து காட்ட முடியும்?

கணக்கைத் திறந்தால் மட்டும் போதுமா? கடன் தீர வேண்டாமா? சாச்சாவைத் தேடினேன். வாயிற் காவலர் மாறியிருந்தார். தேநீர்க் கடைக்காரர்தான், இரண்டு தெரு தள்ளி ஒரு குடியிருப்பின் மதிலோரம் அவர் மேசை போட்டிருப்பதாகச் சொன்னார். நாலு சட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். தாடி நரைத்திருந்தது. பெட்டி அதே பெட்டி. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

வழியெல்லாம் இந்தியில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் அவர் முன் நின்றதும் ஓடிப் போயின. தட்டுத் தடுமாறிச் சொன்னேன்: அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் சந்தைப் பற்றி ஒரு பொய்ச் செய்தி வந்ததல்லவா, அதை அனுப்பியவர்களில் நானும் ஒருவன், உண்மை என்று சொல்லி அனுப்பினேன், பிறகு பொய் என்று தெரிந்தும் வாய் திறக்கவில்லை, அதற்காக வருந்துகிறேன்.

அவர் கேட்டுக்கொண்டே ஒரு புடவையை மடித்து முடித்தார். பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். "அன்று இரவு என் பெண் தூங்கவில்லை. எங்கள் சந்துக்குக் கும்பல் வருகிறது என்று எங்களுக்கும் செய்தி வந்தது. கட்டிலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தோம்" என்றார். அவ்வளவுதான். பிறகு என் பையைக் காட்டி, "எத்தனை உருப்படி, பேட்டா?" என்று கேட்டார்.

நாலு என்றேன்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் என் மன நிம்மதிக்காக அவரிடம் கடன் வாங்குவதாகவே முடிந்திருக்கும். மறுநாள் சட்டைகளை வாங்கிக்கொண்டேன். அவர் கேட்ட கூலியைக் கொடுத்தேன். அன்றிரவு, என்றோ அனுப்பியிருக்க வேண்டிய வரியை அந்த மூன்று குழுக்களுக்கும் எழுதினேன். இரண்டில் யாரும் பதில் சொல்லவில்லை. விடுதிக் குழுவில் மட்டும் ஒரு பழைய நண்பன், 'நானும்தான் அனுப்பினேன்' என்று எழுதினான்.

நண்பர்களே, நாம் வாழும் நகரம் அரசியலின் அடுப்படி. இனியும் கொந்தளிப்புகள் வரும். உங்களிடமும் நடு இரவில் ஒரு செய்தி வந்து கதவைத் தட்டும்; அது உங்கள் கட்சிக்கு இனிப்பாகவும் இருக்கும். அப்போது இந்தக் கட்டுரை நினைவுக்கு வந்தால், செய்தியை வைத்துவிட்டு, அதைப் படித்ததும் உள்ளம் ஏன் துள்ளியது என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள். விடிந்த பிறகும் அது உண்மையாக இருந்தால் பேசலாம். நாட்டின் பாரத்தை ஆண்டவனிடம் இறக்கி வைக்கலாம், அவன் சுமப்பான். நம் நெஞ்சின் கணக்கை மட்டும் நாமேதான் பார்த்தாக வேண்டும்.

நான் இப்போதும் மலை மந்திருக்குப் போகிறேன். துணிகளை இரண்டு தெரு தள்ளி மதிலோரத்தில் போடுகிறேன். எத்தனை உருப்படி என்று அவர் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். எண்ணிப் பார்த்துச் சரியாகச் சொல்கிறேன்.